"ஃபுல் ஸ்காலர்ஷிப்" என்கிறார் கோச், ஐ-20 என்ன சொல்கிறது?

அமெரிக்கக் கல்லூரிகளில் விளையாடிக்கொண்டே படிக்கப் போகும் வெளிநாட்டுப் பிள்ளைகளுக்கு வழிகாட்டுவது என் வேலை. வருகிறவர்கள் எடுத்தவுடன் கேட்பது "டிவிஷன் ஒன் கிடைக்குமா?" என்றுதான். நான் திருப்பிக் கேட்பது, பணம் யார் கட்டப்போகிறார்கள் என்று.

கல்லூரி விளையாட்டை நடத்தும் பெரிய அமைப்பான என்சிஏஏவில் மூன்று டிவிஷன். முதல் இரண்டில் விளையாட்டுக்கு உதவித்தொகை உண்டு, மூன்றாவதில் கிடையாது. அதற்காக அதை ஒதுக்கிவிடாதீர்கள், மார்க்கையும் குடும்ப நிலையையும் பார்த்து அங்கே தரும் உதவி சில சமயம் டிவிஷன் இரண்டில் ஒரு கோச் பலருக்குப் பிய்த்துக் கொடுப்பதில் உங்கள் பங்குக்கு வருவதைவிடப் பெரிதாகவே இருக்கும். ஹார்வர்ட், யேல் போன்ற ஐவி லீக் கல்லூரிகள் டிவிஷன் ஒன்தான், ஆனால் விளையாட்டுக்கென்று ஒரு டாலர்கூடத் தருவதில்லை. சொன்னால் பலர் நம்புவதில்லை. என்ஏஐஏ தனி அமைப்பு, பெரும்பாலும் சிறிய கல்லூரிகள், உதவித்தொகை உண்டு, தகுதிச் சரிபார்ப்பும் தனி.

இரண்டாண்டு ஜூனியர் கல்லூரி செலவு குறைந்த வழி. இந்தக் கல்லூரிகளின் விளையாட்டு அமைப்பான என்ஜேசிஏஏவிலேயே டிவிஷனுக்கு டிவிஷன் உதவி மாறும், கலிஃபோர்னியாவின் கம்யூனிட்டி கல்லூரிகளில் விளையாட்டு உதவித்தொகையே இல்லை. ஜூனியர் கல்லூரியில் ஆடும் சீசன்கள், பின்னால் நான்காண்டுக் கல்லூரியில் நீங்கள் ஆடக்கூடிய சீசன்களின் கணக்கில் கழியும். எடுக்கும் பாடங்களை, அடுத்துப் போக நினைக்கும் கல்லூரி ஏற்குமா என்று சேரும் முன்பே கேளுங்கள், பிறகு கேட்டால் ஒரு செமஸ்டர் வீணாகும்.

சரி, காகிதத்துக்கு வருவோம். ஃபோனில் "ஃபுல்" என்பார் கோச். மாணவர் விசாவுக்காகக் கல்லூரி அனுப்பும் ஐ-20 படிவம் வந்ததும் பணக் கணக்குப் பகுதியைப் பாருங்கள்: ஒரு பக்கம் கல்விக் கட்டணம், தங்கும் செலவு, இன்னொரு பக்கம் கல்லூரி தருவது, மாணவரின் சொந்தப் பணம். அந்தச் சொந்தப் பணக் கட்டத்தில் பூஜ்யம் இல்லையென்றால் "ஃபுல்" என்பது கல்விக் கட்டணத்துக்கு மட்டும் சொன்ன வார்த்தையாக இருக்கலாம், மிச்சத்துக்கு விசா நேர்காணலில் வங்கிக் கணக்கோடு நிற்கப்போவது நீங்கள். முழுத்தொகையே கிடைத்தாலும் அறை, சாப்பாட்டுக்குத் தரும் பகுதிக்கு எஃப்-1 என்ற மாணவர் விசாவில் இருப்பவர்களிடம் பொதுவாக 14% வரி பிடிப்பார்கள். இதை எந்த கோச்சும் தானாகச் சொல்வதில்லை, பாதிப் பேருக்குத் தெரியவும் தெரியாது.

அப்புறம், கூட ஆடும் அமெரிக்கப் பையன் விளம்பர ஒப்பந்தத்தில் சம்பாதிக்கிறானே என்று நீங்களும் கையெழுத்துப் போட்டுவிடாதீர்கள். எஃப்-1 விசாவில் அனுமதியில்லாத வேலை என்று ஆகிவிட்டால் போவது சீசன் மட்டுமல்ல, விசாவும்தான். முதலில் கல்லூரியின் சர்வதேச மாணவர் அலுவலகத்தில் கேளுங்கள், கோச்சிடம் அல்ல.