ஆமைக்கு யார் சொந்தம்? 22 எழுத்துச் சாட்சி

ஆமைக்கு நெருங்கிய சொந்தம் பல்லியா, முதலையா? ஊர்வனவற்றை ஆராய்கிறவர்கள் நெடுங்காலம் மல்லுக்கட்டிய கேள்வி இது. பல்லி, முதலை இரண்டின் மூதாதைகளுக்கும் மண்டையோட்டில் கண்ணுக்குப் பின்னால் பக்கத்துக்கு இரண்டு துளைகள் உண்டு. இன்றைய ஆமைக்கு ஒன்றுகூட இல்லை. எலும்பை வைத்துப் பஞ்சாயத்து முடியவில்லை. அதனால் 2012இல் ஓர் ஆய்வுக் குழு புதுச் சாட்சி ஒன்றைக் கூண்டில் ஏற்றியது. அதன் பெயர் மைக்ரோ ஆர்.என்.ஏ. டி.என்.ஏவிலுள்ள மரபணுவிலிருந்து செல் எடுக்கும் நகல்தான் ஆர்.என்.ஏ. அதில் மிகக் குட்டியான ஒரு வகை இது.

இந்தச் சாட்சி முதலில் அகப்பட்டது ஒரு புழுவில். ஒரு மில்லிமீட்டர் நீளமே உள்ள அந்தப் புழுவில் லின்-4 என்ற மரபணுவை விக்டர் ஆம்ப்ரோஸின் ஆய்வகம் துருவிக்கொண்டிருந்தது. மரபணு என்றால் புரதம் தயாரிக்கும் என்றுதான் எல்லோரும் நினைத்திருந்தார்கள். லின்-4 எந்தப் புரதத்தையும் தயாரிக்கவில்லை. அதிலிருந்து வந்ததெல்லாம் 22 எழுத்து நீள ஆர்.என்.ஏ துணுக்குதான் (எழுத்து என்பது ஆர்.என்.ஏ சங்கிலியின் ஒரு கண்ணி). கேரி ரவ்கன் ஆராய்ந்துவந்த இன்னொரு மரபணுவின் செய்தி ஆர்.என்.ஏவில், அதாவது புரதம் தயாரிக்கச் சொல்லி அந்த மரபணு அனுப்பும் நகலில், இந்தத் துணுக்கு ஒட்டிக்கொண்டு அதை அடக்கியது. 1993இல் இதை வெளியிட்டபோது, ஏதோ புழுவின் கிறுக்குத்தனம் என்று பலரும் கடந்து போனார்கள். 2000இல் லெட்-7 என்ற இன்னொரு துணுக்கு புழு முதல் மனிதன் வரை இருப்பது தெரிந்த பிறகுதான் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள். இருவருக்கும் நோபல் பரிசு வந்தது 2024இல்.

சரி, இது எப்படி வேலை செய்கிறது? மரபணுவிலிருந்து படியெடுக்கப்படும் நீண்ட ஆர்.என்.ஏ இழை தன்மேலேயே மடிந்து கொண்டை ஊசி வடிவம் எடுக்கிறது. உட்கருவில் ட்ரோஷா என்ற நொதி அதன் அடியை வெட்டுகிறது. வெளியே வந்ததும் டைசர் என்ற நொதி வளைவை வெட்டிவிடுகிறது. மிஞ்சுவது 22 எழுத்து அளவிலான இரட்டை இழை. அதில் ஒன்றை ஆர்கோநாட் என்ற புரதம் பிடித்துக்கொள்ளும். மற்றது பெரும்பாலும் குப்பைக்குப் போகும். பிடித்த இழையை வைத்துக்கொண்டு ஆர்கோநாட், செல்லில் மிதக்கும் செய்தி ஆர்.என்.ஏக்களைத் துழாவுகிறது. 22 எழுத்தும் பொருந்த வேண்டியதில்லை. இரண்டாவது எழுத்திலிருந்து எட்டாவது வரை பொருந்தினாலே பெரும்பாலும் போதும். இதற்கு விதைப் பகுதி என்று பெயர்.

பொருந்தியதும், ஆர்கோநாட்டின் கூட்டாளிப் புரதங்கள் அந்தச் செய்தியின் வாலை நறுக்க ஆள் கூப்பிடுகின்றன. ஆம், செய்தி ஆர்.என்.ஏவுக்கும் 'ஏ' என்ற எழுத்தே வரிசையாக நிற்கும் ஒரு வால் உண்டு. அது போனால் செய்தி சிதைந்துபோகும், புரதம் குறையும். விளக்கை ஒரேயடியாக அணைப்பதைவிட, மின்விசிறி ரெகுலேட்டரை ஒரு புள்ளி இறக்குவதுதான் இதற்குச் சரியான ஒப்புமை.

நிஜ வாலுக்கும் இதில் கதை உண்டு. பறவைகளை விட்டுவிட்டால் (பரிணாமக் கணக்கில் அவையும் ஊர்வனவே, முதலைக்கு நெருங்கிய சொந்தம்), முழு மரபணுத்தொகையும், அதாவது மொத்த டி.என்.ஏவும், முதலில் படிக்கப்பட்ட ஊர்வன அமெரிக்காவின் பச்சை அனோல் பல்லி. ஆண்டு 2011. வால் அறுந்தால் அதற்குத் திரும்ப முளைக்கும், முள்ளெலும்புக்குப் பதில் குருத்தெலும்புக் குழாயோடு. வளரும் வாலின் நுனியையும் அடியையும் அரிசோனா மாநிலப் பல்கலைக்கழகத்தினர் 2016இல் ஒப்பிட்டார்கள். அளவு வேறுபட்டிருந்தவற்றில் 133ஏ, 133பி, 206 என்ற மூன்று மைக்ரோ ஆர்.என்.ஏக்களும் இருந்தன. மூன்றும் நம் தசையிலும் இருப்பவைதான். நம்மிடமும் உள்ள ரெகுலேட்டர்களையும் அது வேறு விதமாகத் திருப்புகிறது போலும் என்பது எனக்கு வியப்பாக இருக்கிறது.

ஒரே மைக்ரோ ஆர்.என்.ஏ நூற்றுக்கணக்கான மரபணுக்களைக் கட்டுப்படுத்தக்கூடும். அதனால் அதன் விதைப் பகுதியில் ஓர் எழுத்து மாறினாலும் அத்தனை இடத்திலும் குளறுபடி வரலாம். பரிணாமத்தில் ஒருமுறை வந்துவிட்டால் இவை எளிதில் மாறுவதில்லை, தொலைவதும் அரிது. இரண்டு விலங்குகளிடம் மட்டும் ஒரே புது மைக்ரோ ஆர்.என்.ஏ இருந்தால், ஒரே பாட்டி வீட்டு நகையை இருவரிடமும் பார்த்ததுபோல.

2012 குழு பார்த்ததாக நம்பியதும் அதைத்தான். பல்லியிடமும் ஆமையிடமும் நான்கு இருந்தன. முதலை இனத்திலும் கோழியிலும் அவை இல்லை. எனவே ஆமை பல்லிக்குச் சொந்தம் என்று தீர்ப்பெழுதினார்கள். ஆனால் ஒரு திசுவிலிருந்து எடுத்த மாதிரியில் துணுக்கு தென்படவில்லை என்பதால் மரபணுத்தொகையில் அது இல்லை என்று ஆகிவிடாது. அந்தத் திசுவில் அப்போது அது உற்பத்தியாகாமல் இருந்திருக்கலாம். தென்பட்டதெல்லாம் மைக்ரோ ஆர்.என்.ஏவும் ஆகாது. செல்லுக்குள் உடைந்த ஆர்.என்.ஏ துண்டுகள் ஏராளம். டி.என்.ஏவில் இடம்விட்டு இடம் குதிக்கும் தாவும் மரபணுக்களை இனப்பெருக்கச் செல்களில் அடக்கிவைக்கும் பிவி ஆர்.என்.ஏக்கள் வேறு இருக்கின்றன, கொஞ்சம் நீளமாக. உண்மையான மைக்ரோ ஆர்.என்.ஏ என்றால், மரபணுத்தொகையில் அதன் கொண்டை ஊசி இருக்க வேண்டும், நொதிகள் வெட்டிய தடமும் சரியாக இருக்க வேண்டும்.

அப்புறம் 2013இல் ஆமைகளின் முழு மரபணுத்தொகைகள் வெளிவந்தன. அவை ஆமையை முதலை, பறவைகளின் பக்கம் வைத்தன. 2014இல் மைக்ரோ ஆர்.என்.ஏ சாட்சியத்தைக் கூடுதல் தரவோடும் கறாரான விதிகளோடும் மறுபடி விசாரித்தார்கள். பல்லிப் பக்கம் ஆதாரமே நிற்கவில்லை. அதே சாட்சி இப்போது முதலை, பறவைகளைக் கைகாட்டியது. எழுதியவர்களில் பலர் 2012 கட்டுரையை எழுதிய அதே ஆட்கள்.

மறு வருடம் எலும்பும் வாய் திறந்தது. ஜெர்மனியில் கிடைத்த, சுமார் 24 கோடி ஆண்டுப் பழைய ஆமை முன்னோடி பாப்போகெலிஸ் பற்றிய கட்டுரை 2015இல் வந்தது. அதன் மண்டையோட்டில், கண்ணுக்குப் பின்னால், அந்த இரண்டு துளைகளும் இருந்தன.