கிணற்றுத் தண்ணியில் உலோகம்: லேபுக்குப் போகும் முன் தெரிந்துகொள்ள வேண்டியவை

நொய்யல் கரையிலும் பெருந்துறைப் பக்கமும் ஆலைக் கழிவால் கிணறு கெட்டுப்போன விவசாயிகள் பலர் கையில் ஒரு காகிதம் வைத்திருப்பார்கள். சொந்தக் காசு போட்டுத் தனியார் லேபில் வாங்கிய ரிப்போர்ட் அது. மாசுக் கட்டுப்பாட்டு வாரிய அலுவலகத்தில் நீட்டினால், "இது நீங்களா புடிச்சுட்டுப் போன தண்ணிங்க, செல்லாதுங்க" என்று திருப்பிக் கொடுத்துவிடுவார்கள். அப்புறம் எது செல்லும் என்பதை மட்டும் யாரும் சொல்வதில்லை.

1974ஆம் ஆண்டு நீர் மாசு தடுப்புச் சட்டத்தின் 21ஆவது பிரிவுப்படி ஓடை, கிணறு, ஆலைக் கழிவு எதிலிருந்தும் மாதிரி எடுக்க மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்துக்கு அதிகாரம் உண்டு. ஆலைக் கழிவு என்றால் அதற்குத் தனி முறை இருக்கிறது. பரிசோதனைக்கு அனுப்பப்போவதாக ஆலைக்காரருக்கு அங்கேயே நோட்டீஸ் கொடுக்க வேண்டும். அவர் முன்னிலையில் மாதிரியை இரண்டாகப் பிரித்து, இரண்டுக்கும் சீல் வைத்து, இரு தரப்பும் கையெழுத்துப் போட வேண்டும். இதில் ஒன்று விட்டுப்போனாலும் அந்த முடிவைக் கோர்ட் சாட்சியமாக ஏற்காது.

ஏமாற்றம் இங்கேதான் தொடங்குகிறது. "என் கிணற்றைச் சோதிக்கவும்" என்று மனு எழுதினால், வந்து கிணற்றில் மட்டும் ஒரு பாட்டில் பிடித்துக்கொண்டு போவார்கள். தண்ணி கெட்டது என்று முடிவு வரும். யாரால் கெட்டது என்பதற்கு ஒரு துளி ஆதாரமும் இருக்காது. ஆகவே மனுவில் நான்கு இடங்களையும் பெயர் சொல்லிக் கேளுங்கள்: உங்கள் கிணறு, ஆலையின் வெளியேற்றுக் குழாய், கழிவு வந்து சேரும் ஓடை, கழிவு எட்டாத மேட்டுப்பக்கக் கிணறு ஒன்று. கடைசியாகச் சொன்னது இல்லாவிட்டால், "இந்த ஊர்ப் பாறையே அப்படித்தான்" என்ற ஒரு வரியில் எதிர்த்தரப்பு தப்பித்துவிடும். மனுவை மாவட்டச் சுற்றுச்சூழல் பொறியாளருக்கு பதிவு வசதியுடன் ஸ்பீட் போஸ்டில் அனுப்பி, சேர்ந்ததற்கான சான்றை வாங்கி வையுங்கள். திங்கள்கிழமை குறைதீர் நாளில் கொடுத்தாலும் பதிவு எண் இல்லாமல் திரும்ப வேண்டாம்.

எதைச் சோதிக்க வேண்டும் என்பதையும் நீங்களே எழுதுங்கள். "அனைத்துப் பரிசோதனையும்" என்று பொதுவாக எழுதினால் பி.எச். (அமில-கார அளவு), டி.டி.எஸ். (கரைந்திருக்கும் உப்புகளின் மொத்த அளவு), கடினத்தன்மையோடு முடித்துவிடுவார்கள். சாயப்பட்டறைக் கழிவில் முதல் குற்றவாளி உப்பு. டி.டி.எஸ்., குளோரைடு, சல்பேட், சி.ஓ.டி. (கழிவைச் சிதைக்கத் தேவைப்படும் ஆக்சிஜன் அளவு) நான்கையும் கேளுங்கள், உலோகத்தில் தாமிரமும் குரோமியமும் போதும். முலாம் பூசும் பட்டறை என்றால் நிக்கல், துத்தநாகம், காட்மியம், சயனைடு, ஆறிணைதிறக் குரோமியம் (குரோமியத்தில் நஞ்சு அதிகமான வடிவம்). பழைய பேட்டரி உருக்கும் இடத்துக்குப் பக்கம் என்றால் காரீயம். தோல் ஆலைக்கு மொத்தக் குரோமியம்.

இரண்டு காகிதங்களை நம்பி ஏமாற வேண்டாம். ஊராட்சியில் சின்னப் பெட்டியை வைத்துச் செய்யும் களப் பரிசோதனை இரும்பு, புளோரைடு, நைட்ரேட், குளோரைடு போன்றவற்றுக்கானது. காரீயமோ காட்மியமோ அதில் தெரியாது. அதில் "குடிக்கலாம்" என்று வந்தால் உலோகம் இல்லை என்று பொருளாகாது. மண்வள அட்டையும் அப்படியே. அதிலுள்ள 12 அளவீடுகள் பயிருக்கு உரம் போடுவதற்கானவை; துத்தநாகமும் தாமிரமும் இருக்கும், காரீயம், காட்மியம், குரோமியம் இருக்காது. அட்டை நன்றாக இருக்கிறதே என்று யாராவது வாயடைத்தால் இதைச் சொல்லுங்கள்.

இனி பாட்டில். உலோகப் பரிசோதனை பெரும்பாலும் கெடுவது இங்கேதான். தண்ணியில் கரைந்திருக்கும் உலோகம் பாட்டில் சுவரில் ஒட்டிக்கொள்ளும், அல்லது படிந்து கீழே இறங்கும். மூன்று நாள் கழித்து லேபில் மேல்தண்ணியை எடுத்துக் கருவியில் ஓட்டினால் பாதி உலோகம் பாட்டிலிலேயே தங்கியிருக்கும். அதைத் தடுக்கத்தான் லிட்டருக்கு 1.5 முதல் 2 மி.லி. அடர் நைட்ரிக் அமிலம் விட்டு பி.எச்.சை 2க்குக் கீழே கொண்டுவருகிறார்கள். காரத்தன்மை அதிகமான தண்ணிக்கு இது பத்தாது, பி.எச். தாளில் தொட்டுப் பார்த்தே உறுதி செய்ய வேண்டும். அமிலத்தை நீங்கள் கையாள வேண்டாம். அமிலத்தில் கழுவிய, அமிலம் விட்டுவைத்த எச்.டி.பி.இ. என்ற கெட்டி பிளாஸ்டிக் பாட்டிலை லேபிலேயே கேட்டு வாங்குங்கள். அதைத் தண்ணியில் அலசக் கூடாது, வழிய வழியப் பிடிக்கவும் கூடாது. இரண்டிலும் அமிலம் போய்விடும். கடையில் வாங்கிய குடிநீர் பாட்டிலில் பிடித்துக்கொண்டு போகாதீர்கள்.

ஆறிணைதிறக் குரோமியத்துக்கு மட்டும் அமிலமே ஆகாது. அமிலம் பட்டால் அது மூவிணைதிறமாக மாறிவிடும்; நஞ்சு அதிகமான வடிவம் ரிப்போர்ட்டில் காணாமல் போகும். அதற்குத் தனி பாட்டில், ஐஸ் பெட்டி, 24 மணி நேரத்துக்குள் பரிசோதனை. வெள்ளிக்கிழமை மாலை மாதிரி எடுத்தால் திங்கள்கிழமை அந்த அளவீடு வீண். சயனைடுக்கும் தனி பாட்டில்தான். அதில் காரம் சேர்க்க வேண்டும்.

போர்வெல் என்றால் மோட்டாரைப் பத்துப் பதினைந்து நிமிடம் ஓடவிட்டு, மேல்தொட்டிக்குப் போகும் முன்பே பிடிக்க வேண்டும். துருப்பிடித்த ஜி.ஐ. பைப்பின் (துத்தநாகம் பூசிய இரும்புப் பைப்) முனையில் பிடித்தால் துத்தநாகம் பைப்பிலிருந்தே வரும், எதிர்த்தரப்பு வக்கீல் அதைத்தான் முதலில் கேட்பார். திறந்த கிணற்றில் மேலாக மிதக்கும் படலத்தை அள்ளாமல் ஓரடி கீழே இறக்கிப் பிடியுங்கள். கலங்கல் தண்ணியில் அமிலம் விட்டால் சேற்றில் இருக்கும் உலோகமும் கரைந்து எண்ணைக் கூட்டிவிடும். அதனால் 0.45 மைக்ரான் வடிதாளில் வடித்தது ஒன்று, வடிக்காதது ஒன்று என இரண்டு பாட்டில் வேண்டும்.

அடுத்தது, ரிப்போர்ட்டில் வரும் பி.டி.எல். என்ற மூன்று எழுத்து. கருவி கண்டறியும் அளவுக்குக் கீழே என்பதுதான் அதன் பொருள். அதைக் காட்டி "ஒன்றுமே இல்லைங்க" என்று அனுப்பிவிடுகிறார்கள். குடிநீருக்கான ஐ.எஸ். 10500 தரப்படி காரீயத்தின் வரம்பு லிட்டருக்கு 0.01 மி.கி.; காட்மியம் 0.003, நிக்கல் 0.02, மொத்தக் குரோமியம் 0.05. தீச்சுடரை வைத்து உலோகத்தை அளக்கும் சாதாரண பிளேம் ஏ.ஏ.எஸ். கருவி காரீயத்தை ஏறக்குறைய 0.05 மி.கி.க்குக் கீழே பார்க்காது. வரம்பைப் போல நான்கு மடங்கு காரீயம் இருந்தாலும் அந்தக் கருவி பி.டி.எல். என்றே சொல்லும். கருவியைக் குறை சொல்ல முடியாது. அந்த வேலைக்கு அதை வைத்ததுதான் தவறு. காரீயத்துக்கும் காட்மியத்துக்கும் இன்னும் நுட்பமாக அளக்கும் கிராஃபைட் பர்னஸ் ஏ.ஏ.எஸ். அல்லது ஐ.சி.பி.-எம்.எஸ். கருவி வேண்டும். ஒவ்வொரு உலோகத்துக்கும் எந்த முறை, கண்டறியும் அளவு எவ்வளவு என்று ரிப்போர்ட்டிலேயே எழுதித் தரக் கேளுங்கள். அந்த எண் வரம்பைவிடக் குறைவாக இல்லாவிட்டால் அந்த பி.டி.எல்.லுக்கு மதிப்பில்லை.

உப்புத் தண்ணியில் இன்னொரு சிக்கல். டி.டி.எஸ். 5,000, 6,000 என்று இருக்கும் தண்ணியைக் கருவி தாங்காது என்று பத்து மடங்கு நீர்த்து ஓட்டுவார்கள். கண்டறியும் அளவும் பத்து மடங்கு ஏறிவிடும். ரிப்போர்ட்டில் பழைய எண்ணே அச்சாகியிருக்கும். நீர்த்தல் எத்தனை மடங்கு என்று கேளுங்கள். ஐ.சி.பி.-எம்.எஸ்.சில் தண்ணியிலுள்ள குளோரைடு, கருவியில் ஓடும் ஆர்கான் வாயுவோடு சேர்ந்து 75 என்ற நிறை எண்ணில் ஆர்சனிக் போலவே வேஷம் போடும். கருவிக்குள் இருக்கும் மோதல் கலத்தில் ஹீலியம் வாயு விட்டு அதை நீக்காவிட்டால் இல்லாத ஆர்சனிக் இருப்பதாக வரும். அந்த ஒரு பொய் எண்ணைப் பிடித்துக்கொண்டு உங்கள் ரிப்போர்ட் முழுவதையும் தள்ளிவிடப் பார்ப்பார்கள்.

தனியார் லேபுக்குப் போவதானால் சுவரில் தொங்கும் என்.ஏ.பி.எல். (லேபுகளுக்கு அங்கீகாரம் தரும் தேசிய வாரியம்) சான்றிதழை மட்டும் பார்த்துத் திருப்தி அடையாதீர்கள். அங்கீகாரம் ஒவ்வொரு அளவீட்டுக்கும் தனித்தனி. டி.டி.எஸ்.சுக்கு இருக்கும், காரீயத்துக்கு இருக்காது. இணைப்புப் பட்டியலைக் காட்டச் சொல்லுங்கள். இந்த ரிப்போர்ட்டை வாரியத்தை வரவைக்கும் காரணமாக மனுவோடு இணையுங்கள்.

வாரியம் எடுத்த கழிவு மாதிரியின் முடிவு உங்களுக்குத் தானாக வராது. 22ஆவது பிரிவுப்படி ஒரு நகல் ஆலைக்காரருக்குப் போகும், மற்றவை வாரியத்திடமும் கோர்ட்டுக்காகவும் இருக்கும். புகார் கொடுத்தவர் அந்தப் பட்டியலிலேயே இல்லை. தகவல் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய் கோர்ட் பீஸ் ஸ்டாம்ப் ஒட்டி, மாதிரி எடுத்த தேதியும் இடமும் எழுதி, மூன்றைக் கேளுங்கள்: ஆய்வாளர் அறிக்கை, 21ஆவது பிரிவு நோட்டீஸின் நகல், மாதிரி லேபுக்கு வந்து சேர்ந்த தேதியும் நேரமும் உள்ள பதிவேட்டுப் பக்கம். மாதிரி எத்தனை நாள் அமிலமும் ஐஸும் இல்லாமல் கிடந்தது என்பது அந்தப் பதிவேட்டில்தான் தெரியும். 30 நாளில் பதில் வராவிட்டால் மேல்முறையீடு.

இப்படி அலைந்துகொண்டிருக்கும்போதே கெடு ஓடிக்கொண்டிருக்கும். தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தில் கழிவை நிறுத்தக் கோருவதற்கு 6 மாதம், இழப்பீட்டுக்கு 5 ஆண்டு. இரண்டும் வழக்குக்கான காரணம் முதலில் எழுந்த நாளிலிருந்து கணக்கு; தகுந்த காரணம் காட்டினால் மேற்கொண்டு 60 நாள் மட்டும் கிடைக்கும். அலுவலகத்தில் மனு நிலுவையில் இருப்பது இந்தக் கணக்கை நிறுத்தாது. இழப்பீட்டு மனுவுக்குக் கேட்கும் தொகையில் 1 சதவீதம் கட்டணம். வறுமைக் கோட்டுக்குக் கீழே உள்ளவர்களுக்குக் கட்டணம் கிடையாது. தென்மண்டல அமர்வு சென்னையில் இருக்கிறது.