தண்ணீரை உறிஞ்சாத மண்ணில் ஒரு வேளாண்மை

நெகேவ் பாலைவனத்தில் 1,500 ஆண்டுகளுக்கு முன்பு திராட்சை பயிரிட்டு, அதன் மதுவைக் காசா துறைமுகம் வழியாக ஏற்றுமதி செய்திருக்கிறார்கள். "அப்படியென்றால் அந்தக் காலத்தில் அங்கே நல்ல மழை இருந்திருக்க வேண்டுமே?" என்று வாசகர் ஒருவர் கேட்டிருந்தார். நல்ல மழை தேவைப்படவே இல்லை என்பதுதான் இதில் அழகு.

இன்றைய இஸ்ரேலின் தெற்கே உள்ள நெகேவ் மேட்டுநிலத்தில் ஆண்டுக்குச் சுமார் 100 மி.மீ. மழைதான். அதுவும் குளிர்காலத்தில் ஒரு சில நாட்களில் கொட்டி முடிந்துவிடும். ஆண்டு முழுக்க ஓடும் ஆறும் கிடையாது. ஆனால் நபாத்தியர் என்ற பழங்கால அரபு வணிகக் குடியினர் தொடங்கி, பைசாந்தியக் (கிழக்கு ரோமப் பேரரசின்) காலத்தில் தழைத்த அவ்தாத், ஷிவ்தா போன்ற ஊர்களைச் சுற்றி, வறண்ட ஓடைகளின் குறுக்கே கல் வரப்புகள் படிப்படியாக நிற்கின்றன.

ரகசியம் அங்குள்ள மண்ணில் இருக்கிறது. காற்று கொண்டுவந்து கொட்டிய நுண்தூசிதான் காலப்போக்கில் படிந்து மண்ணானது. புவியியலில் இதை லோயஸ் என்பார்கள். காய்ந்த லோயஸ் மீது மழைத்துளி விழும்போது மண்கட்டிகள் சிதறுகின்றன. சிதறிய நுண்துகள்கள் மண்ணின் சிறு துளைகளுக்குள் போய் அடைத்துக்கொள்கின்றன. களிமண் துகள்கள் ஈரம் பட்டு உப்பி, மீதி இடைவெளியையும் மூடிவிடுகின்றன. சில மில்லிமீட்டர் மழை பெய்வதற்குள் மேலே மெல்லிய பொருக்கு கட்டிவிடும். அப்புறம் பெய்யும் நீரில் பெரும்பகுதி உள்ளே இறங்காமல் சரிவில் வழிந்தோடத் தொடங்குகிறது. மண்ணின் வாயை மழையே அடைத்துவிட்டு, தானே ஓடிப்போகிறது!

வழக்கமாக ஒரு விவசாயி சபிக்கக்கூடிய குணம் இது. நெகேவ் விவசாயிகளோ இதை நம்பியே பிழைத்தார்கள். குன்றின் சரிவை அவர்கள் விதைக்கவில்லை. தண்ணீர் தரும் நிலமாக விட்டுவைத்தார்கள். கீழே ஓடைப் படுகையில் மட்டும் பயிர். ஒரு எக்டேர் வயலுக்குச் சுமார் 20 எக்டேர் சரிவு என்பது கணக்கு. பெய்யும் 100 மி.மீ. மழையில் 15 சதவீதம் வழிந்து வந்தாலே வயலுக்குக் கூடுதலாக 300 மி.மீ. கிடைக்கும். வயலில் நேரடியாக விழும் மழையையும் சேர்த்தால் 400. கோதுமைக்கும் திராட்சைக்கும் அத்திக்கும் அது போதும்.

சரி, மேலே உறிஞ்சாத மண் கீழே மட்டும் எப்படி உறிஞ்சும்? சரிவில் தண்ணீர் நிற்பதில்லை. வயலில் வரப்பு அதைத் தடுத்து, சில மணி நேரமோ ஒரு நாளோ தேக்கி வைக்கிறது. மெதுவாக உள்ளே போகும் மண்ணுக்குத் தேவை அந்த அவகாசம்தான். உழவும் பொருக்கை உடைத்துக் கொடுக்கும். ஆண்டாண்டாக வண்டல் படிந்து வயல் மண் ஆழமாகிவிட்டதால், இறங்கிய ஈரம் வெயில் எட்டாத ஆழத்தில் தங்கி வேருக்குக் கிடைக்கிறது.

இன்னொரு நுட்பமும் உண்டு. சரிவு முழுவதும் வழியும் நீரை ஒரே வெள்ளமாக வரவிடாமல், சின்னச் சின்ன வாய்க்கால்கள் வெட்டி, சரிவைப் பல துண்டுகளாகப் பிரித்து, ஒவ்வொரு துண்டின் நீரையும் தனித்தனி வயலுக்குத் திருப்பினார்கள். நீர் ஓடும் தூரம் குறையக் குறைய வழியில் இழப்பும் குறையும். கரையை உடைக்கும் வேகமும் இருக்காது.

இதையெல்லாம் ஊகமாக விடாமல் சோதித்துப் பார்த்தவர் தாவரவியலாளர் மைக்கேல் எவனாரி. 1950-களின் இறுதியில் அவரும் லெஸ்லி ஷனான், நஃப்தலி தாத்மோர் ஆகியோரும் ஷிவ்தாவிலும் அவ்தாத்திலும் பழைய பண்ணைகளை மீட்டுக் கட்டி, பயிரிட்டு, ஒவ்வொரு மழையையும் வழிந்தோடிய நீரையும் பல ஆண்டுகள் அளந்தார்கள். இன்றைய மழையிலேயே பண்ணைகள் விளைந்தன. சரிவுகளில் கற்களைப் பொறுக்கிக் குவித்திருப்பது எதற்கு என்ற சர்ச்சைக்கும் இந்த அளவீடுகள் வெளிச்சம் தந்தன. மண்ணை அரித்து வயலுக்குக் கொண்டுவரத்தான் என்று ஒரு சாரார் வாதிட்டனர். கல் அகற்றிய இடத்தில் பொருக்கு நன்றாகக் கட்டி, வழிந்தோடும் நீர் கூடுவதை எவனாரி குழு காட்டியது.

இப்படி மழைக்காகக் காத்திருந்து அளக்கும் ஆய்வுகளுக்கு இரண்டு மூன்று ஆண்டு நிதி போதாது. வறண்ட ஆண்டும் வெள்ள ஆண்டும் வந்துபோகும் வரை பணம் தர வேண்டும். இன்றைய நிதி அமைப்புகள் அதற்குத் தயங்குவது எனக்கு உண்மையிலேயே வருத்தம் தருகிறது. அந்த இடத்தைத்தான் "முன்னோரின் மாய சக்தி" காணொளிகள் நிரப்புகின்றன. அந்த விவசாயிகளின் கவனிப்பையும் உழைப்பையும் அவை ஒரேயடியாகப் பறித்துவிடுகின்றன.

இந்த வேளாண்மை ஏன் சுருங்கியது? ஊர்க் குப்பைமேடுகளில் கிடைத்த திராட்சை விதைகளை எண்ணிப் பார்த்த 2020-ஆம் ஆண்டு ஆய்வு, 4-ஆம் நூற்றாண்டிலிருந்து திராட்சையின் பங்கு ஏறி, 6-ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதிக்குப் பிறகு சரிந்ததாகக் காட்டியது. பைசாந்தியப் பேரரசர் ஜஸ்டினியன் காலக் கொள்ளைநோய் மத்தியதரைக்கடல் உலகை உலுக்கிய காலம் அது. மது வாங்கும் சந்தை சுருங்கியதே முக்கியக் காரணமாக இருக்கலாம் என்று ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். எனக்கும் அதுவே பொருத்தமாகப் படுகிறது. ஏனென்றால் வரப்புகள் தம் வேலையை நிறுத்தவில்லை. 20-ஆம் நூற்றாண்டிலும் பெதூயின் என்ற பாலைவன நாடோடி மக்கள் அதே பழைய வயல்களில் மழைக்குப் பின் தானியம் விதைத்திருக்கிறார்கள்.