காலேஜ் பார்க்க வந்த இடத்தில் ராத்திரி என்ன சாப்பிட்டீர்கள்?

ஜூன் மாதம், காலை 7 மணி. மதுரையில் எங்கள் கிளினிக் ஷட்டரைப் பாதிதான் தூக்கியிருந்தோம். படியில் ஒரு பையன் முழங்காலில் தலையைப் புதைத்து உட்கார்ந்திருந்தான். பக்கத்தில் அவன் அப்பா, சர்டிபிகேட் ஃபைலை மழைக்குப் பயந்தவர் மாதிரி நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நின்றார். முதுகுளத்தூர் பக்கத்து ஆட்கள். 10 மணிக்கு ஒரு கல்லூரியில் சான்றிதழ் சரிபார்ப்பு. பையன் நள்ளிரவு 2 மணியிலிருந்து ஏழு தடவை வாந்தி எடுத்திருக்கிறான்.

"ராத்திரி என்னப்பா சாப்பிட்ட?"

"முட்டை ஃப்ரைடு ரைஸ்தான் டாக்டரம்மா. சூடாத்தான் இருந்துச்சு."

சூடாகத்தான் இருந்திருக்கும். மத்தியானம் வடித்த சோற்றை மேசை மேலேயே வைத்திருந்து, ராத்திரி 11 மணிக்கு வாணலியில் போட்டுப் புரட்டிக் கொடுத்தால் ஆவி பறக்கத்தான் செய்யும். அரிசியில் பேசில்லஸ் சீரியஸ் என்றொரு பாக்டீரியாவின் வித்துகள் இருக்கும். சோறு கொதிக்கும்போது அவை சாவதில்லை. வெந்த சோறு வெளியில் மணிக்கணக்காகக் கிடந்தால் அவை முளைத்துப் பெருகி ஒரு நஞ்சை உண்டாக்கும். அந்த நஞ்சு, மறுபடி சூடு பண்ணினாலும் அழியாது. சாப்பிட்ட 1 முதல் 6 மணி நேரத்துக்குள் வாந்தி தொடங்கிவிடும். பையனின் கணக்கு அப்படியே பொருந்தியது.

ஊசி போட்டு, ஓஆர்எஸ் கரைசலை மடக்கு மடக்காகக் குடிக்கவைத்து, கையில் ஒரு பிளாஸ்டிக் கவரும் கொடுத்து 9:30 மணிக்கு ஆட்டோவில் ஏற்றிவிட்டோம். சீட் கிடைத்துவிட்டது என்று அப்பா சாயங்காலம் போன் பண்ணினார்.

இது அட்மிஷன் சீசனில் நான் பார்க்கும் முதல் வகை. இரண்டாவது வகை செப்டம்பரில் வரும். முதலாம் ஆண்டுப் பிள்ளைகள். ஹாஸ்டலில் சேர்ந்து இரண்டு மாதம் ஆகியிருக்கும். ஒரு வாரமாகக் காய்ச்சல், சாப்பாட்டைப் பார்த்தாலே குமட்டல், கண்ணில் மஞ்சள். தேனி பக்கத்திலிருந்து வந்து சேர்ந்த ஒரு பெண்ணை அப்படித்தான் தோழிகள் கூட்டிவந்தார்கள். ஹெபடைடிஸ் ஏ. கிருமி உள்ளே போய் சராசரியாக 28 நாள் கழித்துத்தான் நோய் வெளியே தெரியும். நாட்களைப் பின்னோக்கி எண்ணினால் ஹாஸ்டல் தண்ணீரில்தான் போய் நின்றது. மறுநாள் அவள் அம்மா வந்தார்.

"சேக்குறப்ப ஹாஸ்டலைப் பாத்தீங்களாம்மா?"

"பாத்தோம் டாக்டரம்மா. டைல்ஸெல்லாம் போட்டு நல்லாத்தான் இருந்துச்சு."

"மெஸ்ல சாப்பிட்டுப் பாத்தீங்களா?"

"இல்ல. மீனாட்சியம்மன் கோயிலுக்குப் போய்ட்டு அங்கனக்குள்ளயே ஒரு பெரிய ஓட்டல்ல சாப்பிட்டுட்டு பஸ் ஏறிட்டோம்."

முதல் குடும்பம் முக்கியமான வேலைக்கு முதல் நாள் ராத்திரி வாயைக் கட்டவில்லை. இரண்டாவது குடும்பம் வேலை முடிந்தபிறகு சாப்பிட்டுப் பார்க்கவேண்டிய இடத்தில் சாப்பிடவில்லை. கல்லூரி பார்க்க வருகிறவர்களுக்கு நான் சொல்வதெல்லாம் இந்த வரிசைதான்: கல்லூரி வேலை முடியும்வரை பத்தியம், முடிந்தபின் பரிசோதனை. பெரும்பாலான வீடுகளில் இது தலைகீழாக நடக்கிறது.

முதலில் நேரில் வரத்தான் வேண்டுமா என்று பாருங்கள். பொறியியல் கலந்தாய்வு 2018 முதல் ஆன்லைனில்தான் நடக்கிறது. அதற்காக லாட்ஜ் போட வேண்டியதில்லை. ஆனால் கலை அறிவியல் கல்லூரிகள் பல இன்னும் நேரில் அழைக்கின்றன. பொறியியலிலும் இடம் ஒதுக்கிய பிறகு கல்லூரியில் போய்ச் சேரத்தானே வேண்டும்.

மதுரையில் தங்க இடம் என்றால் எல்லோர் கண்ணும் ஜங்ஷன் பக்கம்தான் போகும். டவுன்ஹால் ரோடு, மேலப்பெருமாள் மேஸ்திரி வீதி, மேலவெளி வீதி; லாட்ஜுகள் வரிசையாக இருக்கும், கோயிலும் நடை தூரம். ஆனால் கல்லூரிகள் ஊரின் நாலு பக்கமும் சிதறிக் கிடக்கின்றன. காமராசர் பல்கலைக்கழகம் மேற்கே நாகமலை புதுக்கோட்டை தாண்டி. வேளாண்மைக் கல்லூரி ஒத்தக்கடைப் பக்கம், யானைமலையை ஒட்டி. தியாகராசர் பொறியியல் கல்லூரி திருப்பரங்குன்றத்தில். அமெரிக்கன் கல்லூரி, லேடி டோக், மருத்துவக் கல்லூரி மூன்றும் வைகைக்கு வடக்கே. காலை 9 மணிக்கு ஆற்றைத் தாண்டிப் பார்த்தவர்களுக்கு நான் ஏன் இதைச் சொல்கிறேன் என்று புரியும். எந்த பஸ் நிலையத்தில் இறங்குகிறீர்கள் என்பதும் கணக்கு. திருச்சி, ராமநாதபுரம், திருநெல்வேலி பஸ்கள் மாட்டுத்தாவணிக்கு வரும். தேனி, திண்டுக்கல், கோவை பஸ்கள் ஆரப்பாளையத்துக்கு. ஆரப்பாளையத்திலிருந்து நாகமலைக்குப் போவது சுலபம். மாட்டுத்தாவணியிலிருந்து போனால் ஊரையே குறுக்கே வெட்டிப் போகவேண்டும்.

ஆகவே முதல் வேலையாகக் கல்லூரி அலுவலகத்துக்குப் போன் போட்டு, பெற்றோர் தங்க விருந்தினர் அறை இருக்கிறதா என்று கேளுங்கள். பல பேருக்குக் கேட்கவே கூச்சம். ரயிலில் வருகிறவர்கள், டிக்கெட் உறுதியாகியிருந்தாலோ ஆர்ஏசி-யில் இருந்தாலோ, ஜங்ஷனிலேயே ஓய்வறையை ஐஆர்சிடிசி மூலம் பதிவு செய்யலாம். இது தெரியாமலேயே ஆட்டோக்காரர் காட்டிய லாட்ஜுக்குப் போய்விடுகிறார்கள். சித்திரைத் திருவிழா நாட்களில் வருவதாக இருந்தால் அறைக்கு வெகு முன்பே சொல்லிவையுங்கள். அழகர் ஆற்றில் இறங்கும் நேரத்தில் அறையும் கிடைக்காது, ரோடும் கிடைக்காது.

அறைக்குள் போனதும் டிவியைப் போடுவதற்கு முன் மெத்தையின் மூலையைத் தூக்கிப் பாருங்கள். தையல் ஓரத்தில் கறுப்புப் புள்ளிகள் தெரிந்தால் மூட்டைப்பூச்சி. பையை அந்த அறைத் தரையில்கூட வைக்காமல் கிளம்புங்கள். குளியலறை வாளியில் நாள்பட்ட தண்ணீர் நின்றால் கொட்டிக் கவிழ்த்துவிடுங்கள். டெங்குக் கொசு வளர்வது அந்த மாதிரி நல்ல தண்ணீரில்தான், கடிப்பது பகலில். தாயும் மகளும் மட்டும் வருவதாக இருந்தால் கதவின் உள்தாழ்ப்பாளைப் போட்டுப் பார்த்துவிட்டு அப்புறம் முன்பணம் கொடுங்கள். ஒரிஜினல் சர்டிபிகேட் எப்போதும் உங்கள் தோளிலேயே இருக்கட்டும்.

என்னிடம் வருகிறவர்களில் பாதிப் பேருக்கு லாட்ஜே ஆடம்பரம். ராத்திரி பஸ்ஸில் வந்து, பஸ் ஸ்டாண்டில் குளித்து, சட்டை மாற்றிக்கொண்டு நேரே கல்லூரிக்குப் போகிறவர்கள். அதில் தப்பே இல்லை. பிள்ளை பஸ்ஸில் தூங்கியிருந்தால் போதும்.

இன்னொரு ஏற்பாடு சொந்தக்காரர் வீடு. காசு மிச்சம், பயமும் இல்லை. ஆனால் அத்தை வீட்டுக்கு ஊரிலிருந்து பிள்ளை வந்தால் ராத்திரி கறிக்குழம்பும் சுக்காவும் இல்லாமல் இலை போடமாட்டார்கள், அவன் வேண்டாம் என்றும் சொல்ல முடியாது. என் அண்ணன் மகனே அப்படிச் சாப்பிட்டுவிட்டு மறுநாள் இன்டர்வியூ அறைக்கு வெளியே பாத்ரூமைத் தேடியவன். கிளம்புவதற்கு முன்பே அத்தைக்குப் போன் பண்ணி, "நாளைக்கு மத்தியானம் வந்து சாப்பிடுறோம், இன்னைக்கு ராத்திரி இட்லி போதும்"னு சொல்லிவிடுங்கள்.

இட்லி என்று நான் சும்மா சொல்லவில்லை. தூங்கா நகரம் என்று பேர் வாங்கிய ஊரில் எந்த நேரத்திலும் இட்லி கிடைக்கும். ஆவியில் வெந்து நேரே இலைக்கு வருகிற பண்டத்தை நம்பலாம். சந்தேகப்படவேண்டியது பக்கத்தில் ஊற்றும் தேங்காய்ச் சட்னியை. அதைக் கொதிக்கவைப்பதில்லை, பச்சைத் தண்ணீரில் அரைக்கிறார்கள், மணிக்கணக்காக வெளியில் இருக்கிறது. கொதிக்கிற சாம்பாரோடு நிறுத்திக்கொள்ளுங்கள். பரோட்டாவைத் திட்டுவது டாக்டர்களுக்கு வழக்கம். நான் அதைச் செய்யப்போவதில்லை. கல்லிலிருந்து எடுத்த பரோட்டாவும் தளதளவென்று கொதிக்கும் சால்னாவும் வாந்திபேதி தருவது அபூர்வம். கூட வரும் வெங்காயப் பச்சடிதான் எனக்கு நோயாளிகளை அனுப்புகிறது. ஷவர்மா, மயோனைஸ் இரண்டும் அன்றைக்கு வேண்டாம். பச்சை முட்டையில் செய்யும் மயோனைஸுக்குத் தமிழக அரசு 2025 ஏப்ரலில் ஓராண்டுத் தடை போட்டது சும்மா இல்லை.

ஜிகர்தண்டா? மதுரைக்கு வந்துவிட்டுக் குடிக்காமல் போகச் சொன்னால் என்னை யாரும் மன்னிக்கமாட்டார்கள். வேலை முடிந்தபிறகு, கூட்டம் இருக்கிற கடையில் குடியுங்கள். முதல் நாள் ராத்திரி வாய் கேட்டால் பனங்கற்கண்டுப் பால் வாங்கிக்கொடுங்கள். சூடாக இருக்கும், தூக்கமும் வரும்.

தண்ணீர் விஷயத்தில் ஓட்டலில் சுடுதண்ணீர் கேட்பது நல்ல பழக்கம் என்று நினைக்கிறோம். வெதுவெதுப்பாக வந்தால் அது கொதித்த தண்ணீரில் பச்சைத் தண்ணீரைக் கலந்ததாகவும் இருக்கலாம். ஒரு லிட்டர் சீல் பாட்டில் வாங்கிக் கையில் வைத்துக்கொள்வதே மேல். காசு குறைவு என்றால் அம்மா உணவகம் இருக்கிறது. இட்லி 1 ரூபாய், பொங்கல் 5 ரூபாய், சாம்பார் சாதம் 5 ரூபாய், தயிர் சாதம் 3 ரூபாய். அந்தந்த வேளைக்குச் சமைத்து அந்த வேளையிலேயே தீர்ந்துபோகிற சாப்பாடு அது. மீந்து கிடக்காத சாப்பாடுதான் வயிற்றுக்குப் பாதுகாப்பு.

சரி, சரிபார்ப்பு முடிந்தது, பணமும் கட்டியாயிற்று. இப்போது கோயில் பக்கத்து ஓட்டலுக்கு ஓடாதீர்கள். ஹாஸ்டல் மெஸ்ஸில் மூன்று டோக்கன் கேளுங்கள். தரமாட்டோம் என்று சொன்னால் ஏன் என்று கேளுங்கள். உள்ளே போனால் ருசியைப் பார்க்காதீர்கள். மெஸ் சாப்பாடு எங்கேயும் வீட்டுச் சாப்பாடு ஆகாது. கை கழுவும் இடத்தில் சோப்பு இருக்கிறதா? டம்ளரைத் தண்ணீருக்குள் விரலோடு முக்கி எடுக்கிறார்களா, குழாயில் பிடிக்கிறார்களா? குடிதண்ணீர் எங்கிருந்து வருகிறது, மேல்நிலைத் தொட்டியைக் கடைசியாகக் கழுவியது எப்போது? உணவுப் பாதுகாப்பு உரிமம் 14 இலக்க எண்ணோடு சுவரில் மாட்டியிருக்க வேண்டும், அதையும் தேடுங்கள். மிச்சம் கொட்டும் வாளியை எட்டிப் பாருங்கள். பிள்ளைகள் எதைத் தின்னாமல் கொட்டுகிறார்கள் என்பதை அந்த வாளி சொல்லிவிடும்.

அப்புறம் ஒரு கேள்வி. இதை வார்டனிடம் கேட்காதீர்கள், இரண்டாம் ஆண்டு படிக்கிற பிள்ளையிடம் தனியாகக் கேளுங்கள்: "ராத்திரி பசிச்சா எங்க போவீங்க?" 7:30 மணிக்கு மெஸ் மூடி, 12 மணி வரை முழித்திருக்கிற பிள்ளைக்குப் பசிக்காமல் இருக்குமா? அந்தப் பதிலில் வருகிற கடைதான் உங்கள் பிள்ளைக்கு மூன்று நாலு வருஷத்துக்கு இரண்டாவது சமையலறை. கேட்டுக்கு வெளியே இருக்கிற அந்தக் கடையில் நீங்களும் ஒரு டீ குடித்துவிட்டு, பாத்திரம் எந்தத் தண்ணீரில் கழுவுகிறார்கள் என்று பார்த்துவிட்டு வாருங்கள்.

ஊர் திரும்பியபின் வயிற்றால் போனால் ஒரு லிட்டருக்கான ஓஆர்எஸ் பொட்டலத்தை ஒரு லிட்டர் கொதித்து ஆறிய தண்ணீரில் முழுசாகக் கரையுங்கள். பாதிப் பொட்டலத்தை ஒரு டம்ளரில் கரைப்பது தப்பு. கரைத்ததை 24 மணி நேரத்துக்கு மேல் வைக்காதீர்கள். காய்ச்சலோ மலத்தில் ரத்தமோ இருந்தால் மெடிக்கலில் கேட்டு பேதியை நிறுத்தும் மாத்திரை போடக்கூடாது. குடித்ததெல்லாம் வாந்தியாக வந்தாலோ, சிறுநீர் குறைந்தாலோ உடனே ஆஸ்பத்திரிக்குப் போகவேண்டும். டைபாய்டு ஒன்று முதல் மூன்று வாரம் கழித்துக்கூடத் தலைகாட்டும். அதனால் விடாத காய்ச்சலோடு டாக்டரிடம் போகும்போது, எந்தத் தேதியில் எந்த ஊருக்குப் போய் வந்தோம் என்பதையும் சொல்லுங்கள். ஹாஸ்டலுக்குப் பெட்டி கட்டும் முன்பே டைபாய்டு, ஹெபடைடிஸ் ஏ தடுப்பூசி பற்றி உங்கள் டாக்டரிடம் கேட்டுவிடலாம். கட்டில் மெத்தைக்கு ஆகும் செலவோடு பார்த்தால் இது பெரிதில்லை.

அந்தத் தேனிப் பெண் தேறி, இப்போது மூன்றாம் ஆண்டு படிக்கிறாள். இந்த வருஷம் அவள் தம்பிக்கு மதுரையிலேயே வேறொரு கல்லூரியில் இடம் கிடைத்திருக்கிறது. சேர்க்க வந்த அன்று மத்தியானம் அம்மா போன் பண்ணினார். மெஸ்ஸில் சாப்பிட்டார்களாம், சாம்பார் தண்ணியாக இருந்ததாம்.

"தண்ணித் தொட்டி?" என்றேன்.

"அதத்தான் டாக்டரம்மா சொல்ல வந்தேன். இவுக அப்பா மொட்ட மாடிக்கு ஏறிப் பாத்துட்டாரு. மூடி இருக்கு."