கடைசி பஸ் போன பிறகு நடக்கும் வகுப்பு

அமெரிக்காவில் அரசுப் பள்ளிகளுக்கு மானிய விண்ணப்பம் எழுதிக் கொடுப்பதும், வந்த பணத்துக்குக் கணக்கு வைப்பதும் என் தொழில். அதில் பெரும்பகுதி மாலை நேர வகுப்புகளுக்கான நிதி. இங்கே பிள்ளைகளைப் படிக்க வைக்கும் தமிழ்ப் பெற்றோர் என்னிடம் அடிக்கடி கேட்பது இதுதான்: "மூன்று மணிக்கு மேல் எங்கள் பள்ளியில் ஒன்றுமே நடப்பதில்லை. பணம் இல்லை என்கிறார்கள். நிஜமா?" சில பள்ளிகளில் நிஜம்தான். பல பள்ளிகளில், பணம் எங்கே இருக்கிறதென்று யாரும் தேடவே இல்லை. இன்னும் சில பள்ளிகள் தேடிப் பிடித்துவிட்டுத் தவறான இடத்தில் செலவழிக்கின்றன. எனக்கு அதிக வருத்தம் தருவது இந்த மூன்றாவது வகை.

ஒரு நடுநிலைப் பள்ளியின் வருகைப் பதிவேட்டைச் சரிபார்த்துக்கொண்டிருந்தேன். ரோபோ செய்யப் பழக்கும் வகுப்பு. செப்டம்பரில் 28 பெயர்கள், நவம்பரில் 11. ஆசிரியர் திறமையானவர். மேசை முழுக்கப் புதுக் கருவிகள். பாதிப் பெட்டிகளின் ஒட்டுநாடாகூடக் கிழிக்கப்படவில்லை. பிள்ளைகள் ஏன் நின்றுபோனார்கள் என்று கேட்டபோது, பள்ளி அலுவலகத்தில் இருந்த பெண் ஊழியர் தலையை நிமிர்த்தாமலே சொன்னார்: "கடைசி பஸ் 3.40க்கு." வகுப்பு முடிவதோ 5.15க்கு. அழைத்துப் போகக் காரும் ஆளும் உள்ள வீட்டுப் பிள்ளைகள் மட்டும் மிஞ்சியிருந்தார்கள். ஏழைப் பிள்ளைகளைக் காட்டி வாங்கிய மானியம் அது. விண்ணப்பத்தை எடுத்துப் பார்த்தேன். போக்குவரத்துக்கு எதிரே சுழியம்.

அந்த மானியத்தின் பெயர் '21ஆம் நூற்றாண்டுச் சமூகக் கற்றல் மையங்கள்'. பள்ளி நேரத்துக்கு வெளியே நடக்கும் கல்விக்கென்றே மத்திய அரசு ஒதுக்கும் தொகை, ஆண்டுக்குச் சுமார் 130 கோடி டாலர். மாநிலக் கல்வித் துறைகள் போட்டி வைத்துப் பிரித்துக் கொடுக்கின்றன. ஒரு மானியம் 50,000 டாலருக்குக் குறையக் கூடாது. மூன்று முதல் ஐந்து ஆண்டுகள் வரை நீடிக்கும். பிள்ளைகள் மையத்துக்கு எப்படிப் பாதுகாப்பாக வருவார்கள், எப்படி வீடு திரும்புவார்கள் என்று விண்ணப்பத்தில் எழுதும்படி சட்டமே கேட்கிறது. பஸ் செலவை இதிலேயே எழுதலாம். பொம்மை ரோபோ வாங்குவதில் இருக்கும் உற்சாகம் பஸ் ஏற்பாடு செய்வதில் யாருக்கும் வருவதில்லை என்பதைத் தவிர வேறு காரணம் எனக்குத் தெரியவில்லை.

இந்த ஒரு மானியத்தையே நம்பியிருக்கும் பள்ளிகள் சீக்கிரம் தடுமாறுகின்றன. நன்றாக நடத்தும் பள்ளிகளில் நான் காண்பது வேறு: நாலைந்து நிதிகளைப் பின்னலைப் போல இணைத்திருப்பார்கள். ஏழைக் குழந்தைகள் அதிகமுள்ள பள்ளிகளுக்கென 1965 முதல் மத்திய அரசு தரும் 'டைட்டில் ஒன்' நிதியில் கணக்கும் வாசிப்பும் சொல்லிக்கொடுக்கும் ஆசிரியருக்குக் கூடுதல் நேரச் சம்பளம் தரலாம். பள்ளியில் ஏழைக் குழந்தைகள் 40 சதவீதமோ அதற்கு மேலோ இருந்தால் அந்தப் பணத்தைப் பள்ளி முழுமைக்கும் பயன்படுத்தும் வாய்ப்பு உண்டு. அதற்குக் கீழே என்றால், பொதுவாக, உதவி தேவை என்று அடையாளம் கண்ட பிள்ளைகளுக்கு மட்டும். இசை, ஓவியம், அறிவியல் போன்றவற்றுக்கு 2015ஆம் ஆண்டுக் கல்விச் சட்டத்தில் வந்த 'டைட்டில் ஃபோர், பகுதி ஏ' என்ற நிதி இருக்கிறது. 30,000 டாலரோ அதற்கு மேலோ பெறும் பள்ளி மாவட்டம் (ஒரு பகுதியின் அரசுப் பள்ளிகளை நடத்தும் நிர்வாகம்) குறைந்தது 20 சதவீதத்தைப் பல்துறைக் கல்விக்கு ஒதுக்கியே ஆக வேண்டும். வயலினும் வண்ணமும் வாங்க இடமிருந்தும், அந்த வரியைப் பலர் படிப்பதே இல்லை.

உணவுக்கு வேளாண் துறையின் தனித் திட்டம் உண்டு. பாதிப் பேரோ அதற்கு மேலோ மாணவர்கள் இலவச அல்லது சலுகை உணவுக்குத் தகுதியுள்ள பகுதியில், மாலை வகுப்பில் கற்பித்தலும் நடந்தால், சிற்றுண்டிக்கும் ஒரு வேளை உணவுக்கும் பணம் திரும்பக் கிடைக்கும். அங்கே வரும் பிள்ளைகள் எல்லோருக்கும் இலவசம். வீடு வீடாக வருமானச் சான்று கேட்பதில்லை. இதைத் தமிழ்ப் பெற்றோருக்குத் திரும்பத் திரும்பச் சொல்லி வருகிறேன், கூச்சத்தால் பிள்ளையைப் பசியோடு உட்கார வைப்பவர்கள் இருக்கிறார்கள் என்பதால். இவற்றுக்கு மேல் மாநிலங்களின் பணம் தனி. கலிபோர்னியாவில் 2002இல் மக்களே வாக்களித்து மாலை வகுப்புக்கு நிதியை உறுதி செய்தார்கள். 2021இல் வந்த இன்னொரு திட்டம், தொடக்கப் பள்ளிப் பிள்ளைகளுக்குப் பள்ளி நேரத்தையும் சேர்த்து நாளொன்றுக்கு ஒன்பது மணி நேரம் கிடைக்கும்படி நிதி தருகிறது.

மத்திய நிதியில் எல்லோரும் இடறி விழும் இடம் ஒன்று உண்டு. பள்ளி ஏற்கெனவே தன் பணத்தில் செய்துவந்த செலவை மானியத்துக்கு மாற்றக் கூடாது. இருப்பதற்கு மேல் கூடுதலாகச் செய்யத்தான் அந்தப் பணம். போன ஆண்டுவரை பள்ளியே நடத்திய பாடகர் குழுவை இந்த ஆண்டு மானியக் கணக்கில் எழுதினால், தணிக்கையாளர் கேட்கும் முதல் கேள்வி அதுவாகத்தான் இருக்கும். அடுத்தது ஆசிரியரின் நேரம். மூன்று மணி வரை பள்ளிச் சம்பளம், அதன் பிறகு மானியச் சம்பளம் என்றால், எந்த நேரம் எந்தக் கணக்கு என்று காட்டும் பதிவு வேண்டும். மாதக் கடைசியில் உட்கார்ந்து நினைவிலிருந்து நிரப்பும் தாள் எந்தத் தணிக்கையிலும் நிற்காது.

பணம் நிற்கும் நாளும் வரும். கொரோனா கால உதவியாக 2021இல் வந்த பெருந்தொகையை 2024 செப்டம்பர் 30க்குள் எதற்கென்று உறுதிசெய்ய வேண்டியிருந்தது. அதை நம்பித் தொடங்கிய மாலை வகுப்புகள் பல மூடப்பட்டன. 2025 ஜூலையில் கற்றல் மையங்களுக்கான தொகையே சில வாரங்கள் நிறுத்திவைக்கப்பட்டுப் பிறகு விடுவிக்கப்பட்டது. ஆட்களை வேலைக்கு எடுக்கலாமா வேண்டாமா என்று கோடை நடுவில் பள்ளிகள் தவித்தன. மானியம் முடிந்த பின் எப்படித் தொடர்வீர்கள் என்ற கேள்வியும் விண்ணப்பத்தில் இருக்கிறது. "நன்கொடை திரட்டுவோம்" என்று ஒற்றை வரியில் எழுதுகிறார்கள். படிக்கும்போதே எனக்கு அந்தப் பிள்ளைகளின் முகம் தெரிகிறது.

பெற்றோருக்கு இதில் உரிமை உண்டு. கற்றல் மைய விண்ணப்பம் போடப்போவதைப் பள்ளி ஊருக்கு அறிவிக்க வேண்டும். போட்ட பிறகு பொதுமக்கள் படிக்கக் கிடைக்கச் செய்ய வேண்டும். 'டைட்டில் ஒன்' நிதியில் ஐந்து லட்சம் டாலருக்கு மேல் பெறும் மாவட்டம், குறைந்தது ஒரு சதவீதத்தைப் பெற்றோர் பங்கேற்புக்கு ஒதுக்க வேண்டும்; அதை எப்படிச் செலவிடுவது என்பதில் பெற்றோரின் கருத்துக்கும் இடமுண்டு. அதற்கான கூட்டங்களில் நாற்காலிகள் காலியாகவே கிடக்கின்றன. ஆங்கிலம் சரளமாக வராது என்று தயங்க வேண்டாம், மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று முன்கூட்டியே சொல்லிவையுங்கள். விண்ணப்பத்தின் நகலைக் கேட்டு வாங்குங்கள். கைக்கு வந்ததும் பஸ் பற்றிய பக்கத்தை முதலில் திறந்து பாருங்கள்.