கிண்ணக்குழியா, எரிமலை வாயா?

புதன் கோளில் நம் தியாகராஜர் பெயரில் ஒரு குழி இருக்கிறது. சுமார் 97 கிலோமீட்டர் அகலம். பெயர் வைத்தது 1976-இல். இப்படிப்பட்ட குழியை ஆங்கிலத்தில் ‘கிரேட்டர்’ (crater) என்பார்கள். அதைத் தமிழில் எழுதும்போதெல்லாம் ‘எரிமலை வாய்’ என்று போடுபவர்கள் இன்னும் ஓயவில்லை.

‘கிரேட்டர்’ என்பது முதலில் கிரேக்கர்கள் வைனையும் தண்ணீரையும் கலந்த வாயகன்ற கலம். அது லத்தீனில் எரிமலை வாயைக் குறிக்கப் போய், 18-ஆம் நூற்றாண்டின் கடைசியில் ஷ்ரோட்டர் என்ற ஜெர்மானிய வானியலாளர் வழியாக நிலவுக் குழிகளுக்கு வந்து ஒட்டிக்கொண்டது. நிலவுக் குழிகள் எரிமலைகள்தான் என்று வெகுகாலம் பலரும் நம்பினார்கள். ஆகவே பழைய அகராதிகளை மன்னிக்கலாம். ஆனால் அமெரிக்காவின் அரிசோனாவில் உள்ள பெரிய குழி விண்பொருள் மோதலால் உண்டானது என்பதை 1960-இல் நிலவியலாளர் ஷூமேக்கர் குழுவினர் காட்டியாயிற்று. எரிமலையில் பாறைக்குழம்பு உள்ளிருந்து வெளியே வருகிறது. மோதலில் வெளியிலிருந்து ஒன்று வந்து அடிக்கிறது, பாறை நொறுங்கித் தெறிக்கிறது, விளிம்பு மேலெழும்புகிறது, பெரிய குழியென்றால் நடுவில் குன்றும் எழும்பி நிற்கும். இதில் எரிமலை எங்கே?

அது போகட்டும், புதனில் நிஜ எரிமலை வாய்களும் உண்டே! கலோரிஸ் என்ற மாபெரும் மோதல் படுகையின் ஓரத்தில் மெசஞ்சர் விண்கலம் சிலவற்றைப் படமெடுத்தது. எல்லாவற்றுக்கும் ஒரே பெயரைச் செலவழித்துவிட்டு அவற்றை என்ன சொல்வதாம்?

‘விண்கல் பள்ளம்’ பரவாயில்லை. ஆனால் மோதியது வால்வெள்ளியாகவும் இருக்கலாம். பள்ளத்துக்கு விளிம்பும் கிடையாது. என் ஓட்டு ‘கிண்ணக்குழி’க்குத்தான். பழைய கலமும் அதில் இருக்கிறது, வடிவமும் இருக்கிறது. காரணத்தையும் சொல்ல வேண்டுமா, ‘மோதல் கிண்ணக்குழி’ என்று எழுதுங்கள். 1,550 கிலோமீட்டர் அகலக் கலோரிஸைக் கிண்ணம் என்றால் சிரிப்பார்கள், அது ‘மோதல் படுகை’. ஆங்கிலத்தில் ‘பேசின்’ (basin) என்றிருப்பதால் தயவுசெய்து ‘வடிநிலம்’ என்று எழுத வேண்டாம். சொட்டுத் தண்ணீர் ஓடாத இடத்தில் எது வடிகிறது?

அப்புறம் புதனின் மேற்பரப்பில் இருப்பதை ‘மண்’ என்று எழுதுவது. மோதி மோதி நொறுங்கிய பாறைத்தூள்தான் புதனைப் போர்த்தியிருக்கிறது. மக்கும் இல்லை, புழுவும் இல்லை. ‘பாறைப்பொடி’ என்றால் குறைந்தா போகும்? அந்த மேற்பரப்பின் கருமைக்குக் கிராஃபைட், அதாவது பென்சிலில் இருக்கும் கரிப்பொருள், ஒரு முக்கியக் காரணம் என்கிறார்கள். அதையாவது கிராஃபைட் என்றே விடுங்கள். ‘காரீயம்’ என்று எழுதினால் புதன் முழுக்க ஈயம் பூசியதாகிவிடும்.