டம்ளர், கோப்பை, குவளை: எந்தக் கலத்துக்கு எந்தச் சொல்?

'டம்ளர்' என்பதற்குத் தமிழ் என்ன என்று கேட்டால் பலரும் யோசிக்காமல் 'கோப்பை' என்பார்கள். இதில் ஒரு வேடிக்கை இருக்கிறது. கோப்பையும் கடல் தாண்டி வந்த சொல்தான். போர்த்துகீசிய மொழியில் குடிகலத்துக்குக் 'கோப்பு' என்று பெயர். அதன் வேர் இலத்தீனின் 'குப்பா'. ஆங்கிலக் 'கப்'புக்கும் அதே வேர். ஷாம்பெயின் ஊற்றும் அகன்ற கிண்ணத்தைப் பிரெஞ்சுக்காரர்கள் 'கூப்' என்கிறார்களே, அதுவும் அந்தக் குடும்பம்தான். கப்பைத் தமிழாக்குவதாக எண்ணிக் கோப்பை என்று எழுதுவது, அக்காளை வழியனுப்பிவிட்டுத் தங்கையைக் கூட்டிவருவது போல. தலைமுறை தலைமுறையாகப் புழங்கிய சொல்லை விரட்டச் சொல்லவில்லை. எந்தக் கலத்துக்கு எந்தச் சொல் என்பதில் கொஞ்சம் கவனம் இருந்தால் போதும். கலத்தின் வடிவம் மாறினால் உள்ளே இருப்பதன் ருசியும் மாறித் தெரிகிறதே!

டம்ளர் என்ற பெயரே வடிவத்தைச் சொல்லத்தான் பிறந்தது. 'டம்பிள்' என்றால் உருண்டு விழுவது. 17ஆம் நூற்றாண்டில் இந்தப் பெயர் பெற்ற கலத்தின் அடி உருண்டையாகவோ கூராகவோ இருக்கும். நிமிர்த்தி வைத்தால் நிற்காது, உள்ளதைக் குடித்துத் தீர்த்த பிறகுதான் கையிலிருந்து இறக்க முடியும். இன்றைய டம்ளர் தட்டையான அடியோடு அசையாமல் நிற்கிறது. பெயரில் மட்டும் அந்தத் தள்ளாட்டம் மிச்சம். குடிக்கும் வேகத்தில் வடிவத்தின் கை இன்னும் இருக்கிறது. பிரிஸ்டல் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2012இல் வெளியிட்ட சோதனையில், நேரான சுவர் கொண்ட கிளாஸில் பீர் குடித்தவர்கள், வளைந்த கிளாஸில் குடித்தவர்களைவிட ஏறத்தாழ 60 சதவீதம் மெதுவாகக் குடித்தார்கள். வளைந்த கிளாஸில் பாதி எது என்று கண்ணால் மதிப்பிடுவது கடினம் என்பது அவர்கள் சொன்ன ஒரு காரணம்.

'கிளாஸ்' வேறு கதை. செய்த பொருளின் பெயர் கலத்துக்கு ஆகிவந்தது. தமிழில் 'கண்ணாடி' முகம் பார்ப்பதற்கும் மூக்கில் மாட்டுவதற்கும் ஆகிவந்ததே தவிர, குடிகலத்துக்கு ஆகவில்லை. 'ஒரு கண்ணாடி தண்ணீர் கொடுங்கள்' என்றால் கேட்பவர் விழிப்பார். 'கண்ணாடிக் குவளை' என்றுதான் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

அந்தக் குவளைக்கு வருவோம். நீரில் பூக்கும் பூ, கண்குழி, குடிகலம் என்று மூன்று பொருளிலும் வழங்கும் சொல் இது. பூவிலிருந்துதான் பாத்திரப் பெயர் வந்தது என்று நான் வாதாடப் போவதில்லை. ஆனால் பாதி மலர்ந்த குவளைப் பூவை ஒரு கணம் நினைத்துப் பாருங்கள்: கீழே திரண்டு, மேலே குவிந்து நிற்கும். வைன் சுவைப்பவர்கள் 'டியூலிப் கிளாஸ்' என்று சொல்வது இதே வடிவத்தைத்தான்.

இந்த வடிவம் ஏன் வேண்டும் என்பதை விளக்கத் தமிழில் புதுச் சொல் எதுவும் தேவையில்லை. பானைக்கும் குடத்துக்கும் வாய், கழுத்து, வயிறு, அடி என்று பெயர் வைத்தவர்கள் நாம். வயிறு அகன்றால் பானத்தின் மேற்பரப்பு கூடும், மணம் அதிகமாக எழும். வாய் குறுகினால் எழுந்த மணம் ஓடிவிடாமல் உள்ளே தங்கும். நாம் 'ருசி' என்று சொல்வதில் பெரும்பகுதி மூக்கின் வேலை. சந்தேகமானால் மூக்கை விரலால் இறுக்கிக்கொண்டு ஒரு வாய் ஆரஞ்சுச் சாறு குடித்துப் பாருங்கள். புளிப்பும் இனிப்பும் மட்டும் நாக்கில் நிற்கும். விரலை எடுத்த நொடியில் ஆரஞ்சு வந்துவிடும்.

சர்வதேசத் தர அமைப்பான ஐஎஸ்ஓ 1977இல் வெளியிட்ட 3591ஆம் எண் தரம் வைன் சுவைக்கும் குவளைக்கு அளவே வகுத்துவிட்டது: வயிற்றின் விட்டம் 65 மில்லிமீட்டர், வாய் 46 மில்லிமீட்டர். கொள்ளளவு ஏறத்தாழ 215 மில்லிலிட்டர். ஆனால் ஊற்றுவது 50 மட்டுமே. மீதி இடம் வீண் அல்ல, மணம் தங்கும் அறை அது. விளிம்புவரை நிரப்பிக் கொடுத்தால் எவ்வளவு நல்ல குவளையும் வெறும் டம்ளர்தான்.

2015இல் தோக்கியோவில் ஆல்கஹால் ஆவியைப் படம்பிடிக்கும் கேமரா ஒன்றை வைன் குவளையின் மேல் வைத்துப் பார்த்தார்கள். 13 டிகிரி செல்சியஸில், ஆவி விளிம்பை ஒட்டி வளையமாக எழுந்தது. நடுவில் அடர்த்தி குறைவு. மூக்கை நடுவில் வைப்பவருக்கு ஆல்கஹாலின் காரம் தணிந்து, மணம் தெளிவாகக் கிடைக்கும். நேரான கிளாஸிலும், கூம்புபோல வாய் விரிந்த 'மார்ட்டினி' கிளாஸிலும் அந்த வளையம் தெரியவில்லை. குறுகிய வாய் எப்போதும் நல்லது என்றும் சொல்லிவிட முடியாது. ஒடுங்கி உயர்ந்த ஷாம்பெயின் 'புளூட்'டின் வாயருகே கரியமில வாயு, அகன்ற 'கூப்'பில் சேர்வதைவிட அடர்த்தியாகச் சேர்கிறது, மூக்கில் சுருக்கென்று ஏறுகிறது.

இன்ன வடிவம் பானத்தை நாக்கின் நுனிக்கு அனுப்பும், அதனால் இனிப்பு கூடும் என்ற விளக்கத்தை மட்டும் நம்ப வேண்டாம். 1901இல் வந்த ஜெர்மன் ஆய்வு ஒன்றைப் பின்னால் தவறாகப் படித்ததில் பிறந்தது, நாக்கின் ஒவ்வொரு பகுதிக்கும் ஒரு சுவை என்று பிரிக்கும் அந்த 'நாக்கு வரைபடம்'. சுவை மொட்டுகள் உள்ள இடமெல்லாம் எல்லாச் சுவையும் தெரியும்.

ஆகவே என் பரிந்துரை இது. நேர்ச்சுவர் என்றால் டம்ளர் என்றே இருக்கட்டும், அது தமிழாகி நாளாயிற்று. பிடி வைத்தது கோப்பை. கூப் போல வாய் விரிந்தது கிண்ணம். வயிறு திரண்டு வாய் குவிந்ததைக் குவளை என்போம்.

ஆலிவ் எண்ணெயைத் தரம் பார்ப்பவர்களும் இப்படி வாய் குவிந்த சிறு கலத்தில்தான் எண்ணெயை ஊற்றி, மூடி, சுமார் 28 டிகிரிக்குச் சூடாக்கி, முகர்ந்து, பிறகு சுவைக்கிறார்கள். எண்ணெயின் பச்சையோ மஞ்சளோ கண்ணில் பட்டு மனம் சாய்ந்துவிடக் கூடாது என்று அந்தக் கலத்தை வழக்கமாகக் கருநீலக் கண்ணாடியில் செய்வார்கள். அதற்குப் பெயர் தேடி அலைய வேண்டியதில்லை: நீலக் குவளை.